எந்த வீட்டுக் கல்

அந்த மிஸ் கல்லை நக்கிப் பார்ப்பார்.

நான் கதை விடவில்லை. வீடு கட்டக் கல்லறுக்கும் மெசினிலிருந்து இறக்கிக் காயவைத்த கல்லில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, நுனி நாக்கால் ஒரு தொடல் தொடுவார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு துப்பிவிட்டு, "உப்புக் கிடக்கு. இன்னொருக்காக் கழுவுங்க" என்பார். அவ்வளவுதான், அன்று அறுத்த கல் முழுவதும் திரும்ப உடைபடும். வெயிலில் நின்று வேலை செய்த பெண்களுக்கு வயிறு எரியும். அவருக்குக் கேட்கும்படியாகவே 'கல்லுநக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மிஸ் அதற்குச் சிரிப்பார்.

"ஓங்கா, நக்கினாத்தானே தெரியும். உப்புக் கல்லுக்குள்ள கம்பி வச்சா துரு தின்னும். பத்து வருசத்தில சுவர் உங்கட தலையில விழும். மறுகா என்னைத்தான் ஏசுவீங்க."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம் அது. எனக்கு இருபத்துநாலு வயது. மட்டக்களப்பில் சின்னம்மா வீட்டில் நின்றுகொண்டு, மிஸ் கட்டிக்கொண்டிருந்த வீட்டுத் திட்டத்தில் எழுத்து வேலை பார்த்தேன். எங்கள் ஊர் மண்டூர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில். கடல் அங்கே வரவில்லை. வயல் வட்டையில் வேளாண்மை அப்படியே நின்றது. கால் நனையாத ஊர்க்காரி என்பதால் அந்தச் சனத்துக்கு நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவள். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

மிஸ்ஸுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் முடிக்கவில்லை. ஆண்கள் போடும் றப்பர் செருப்பு, கறுத்தக் குடை, தோளில் ஒரு துணிப்பை. அவர் படித்த இஞ்சினியர். கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் இருந்தவர். பெரிய கட்டடங்கள் எவ்வளவு பசுமையானவை என்று அளந்து சான்றிதழ் எழுதுவது வேலை. கடல் வந்த கிழமையே அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பது மாடி. முழுக்கக் கண்ணாடி. உள்ளுக்குக் குளிர் தாங்காம பொம்புளையள் சுவெட்டர் போட்டுக்கொண்டு இருப்பாங்க. வெளிய வெயில் மண்டையைப் பிளக்கும். வாசலில நாலு பூச்சட்டி. அதைப் பசுமைக் கட்டடம் எண்டு கையெழுத்து வச்சன் புள்ள. இந்தக் கையால."

கையை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். அடிக்கப்போகிறார் என்று பயந்துவிட்டேன்.

இடிந்துபோன ஊர், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு. அங்கே திரும்பக் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்து, சனத்துக்கு வாவியின் உட்பக்கம் புதுக் காணி கொடுத்திருந்தார்கள். இடிபாட்டை லொறி லொறியாக அள்ளி வாவிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டல் மரங்களின் மேல் உடைந்த சுவரும் கக்கூஸ் கோப்பையும் குவிந்தன. மிஸ் ஒரு காலைநேரம் லொறிக்கு முன்னால் போய்க் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ட்ரைவர் ஹோன் அடித்தான், கெட்ட வார்த்தையால் ஏசினான். இவர் அசையவில்லை.

"இது எந்த வீட்டுக் கல்?" என்று கேட்டார்.

"குப்பை மிஸ் இது! குப்பைக்கு என்ன வீடு?"

"நேற்று வரைக்கும் இதுக்கு வீடு இருந்தது மகன். எந்த வீடு எண்டு கேட்டுக்கொண்டு வா. அதுவரைக்கும் லொறி இதில நிக்கட்டும்."

மிஸ்ஸின் கணக்கு இதுதான். ஆற்று மண்ணை அள்ளக் கூடாது. உன்னிச்சைப் பக்கத்துக் காட்டு விறகை எரித்துச் செங்கல் சுடக் கூடாது. இருக்கிற இடிபாட்டையே உடைத்து, கழுவி, கொஞ்சம் சீமெந்தோடு அமுக்கிக் கல்லாக்கி, அதாலேயே வீடு. கச்சான் காற்று வரும் பக்கம் பார்த்து ஜன்னல். கூரைத் தண்ணீர் பீலிக் குழாய் வழியாகத் தாங்கித் தொட்டிக்குள். கிணறெல்லாம் உப்பாகிப்போன காலம், அதனால் தாங்கியைச் சனம் ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் நல்ல யோசனை என்று காசு கொடுத்த வெளிநாட்டு நிறுவனமும் தலையாட்டியது. ஆனால் மிஸ் அதோடு விட்டாரா? ஒவ்வொரு வீட்டு இடிபாட்டையும் தனித்தனிக் குவியலாக வைத்து, பலகையில் பெயர் எழுதி நட்டு, அந்த வீட்டுக் கல் அந்த வீட்டுக்கே போக வேண்டும் என்றார். ஒன்றாகக் கலந்தால் வேலை பாதி நாளில் முடியும். நிறுவனத்துக்காரர் மன்றாடிப் பார்த்தார்கள். "எங்கயிருந்து வந்தது எண்டு தெரியாத கல் நான் கட்டுற சுவரில ஏறாது" என்றுவிட்டார். எந்தக் குவியல் எந்த வீடு என்று எழுதி எழுதி என் விரல்தான் தேய்ந்தது.

சனமும் முதலில் சம்மதிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் எழும்பி, "செத்த வீட்டுக் கல்லால புது வீடு கட்டிக் குடிபூரவா? துடக்கு மிஸ் அது, ஏழு தலைமுறைக்கும் தீராது" என்றார். ஆண்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். மிஸ் அவர்களைப் பார்க்கவேயில்லை. பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார்.

"எங்கட பகுதியில வீடு ஆருக்கு? தாய் மகளுக்குக் குடுக்கிறது. கல்யாணம் முடிச்சு வாற ஆம்புளை இடுப்பில கட்டின ஒரு சாரத்தோட வந்து ஏறுறவர். வீட்டுக்காரங்க நீங்க இருக்க, சாரத்தோட வந்தவங்க ஏன் கதைக்காங்க?"

கடல் வந்ததற்குப் பிறகு அந்தப் பெண்கள் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி சொன்னாள்: "அது என்ட அம்மா தந்த வீடு மிஸ். மனுசர்தான் இல்ல. கல்லாவது வரட்டும்." அவள் சொன்ன பிறகு பெரியவரும் உட்கார்ந்துவிட்டார்.

அவள்தான் பூரணமக்கா.

பூரணமக்காவுக்குப் புருஷனும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். இரண்டு பேரையும் அவவே அடையாளம் காட்டிப் புதைத்தா. ஒன்பது வயது மகள் தர்சினி மட்டும் கிடைக்கவில்லை. அன்று காலை அக்கா டவுனுக்குப் போயிருந்தா. பிள்ளையை யாரோ தூக்கி லொறியில் ஏற்றியதைக் கண்டேன் என்று ஒருத்தர், அம்பாறை ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்று இன்னொருத்தர். அக்கா அந்தக் கதைகளைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடந்தா. புது வீட்டை மகளின் பெயரில்தான் எழுத வேண்டும் என்று ஒரே பிடி. காணாமல்போன பிள்ளைக்குக் காணி உறுதி எழுத ஏலாது என்று கந்தோரில் திருப்பி அனுப்பினார்கள். மிஸ் குவியல் பலகையில் 'தர்சினி வீடு' என்று எழுதி நட்டார்.

"நீங்கதான் மிஸ் மனுசி" என்று அக்கா அழுதா. "அவள் வந்து கேட்டா, இந்தா உன்ட வீடு எண்டு காட்டுவன். அவளும் இல்லையெண்டா நான் ஏன் இந்தக் கல்லைச் சுமக்கிறன்?"

இடிபாட்டை மெசினில் போடுவதற்கு முன்னால் கையால் அரிக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் இன்னொரு சட்டம். ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் சல்லடைபோல ஒரு பெரிய அரிதட்டு தொங்கும். அங்கே மிஸ்ஸும் நானும் மட்டும். கரண்டி, சாவி, பொம்மைக் கை, சாமிப் படத்துச் சட்டம் என்று ஏதாவது வரும். வந்ததை எல்லாம் கழுவி, எந்தக் குவியலில் எந்தப் பக்கம் கிடந்தது என்று சொல்லி, உரியவர் கையில் கொடுப்பார். கூட்டிக் குறைத்துச் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஒரு மீன்பிடிக்காரரின் குவியலில் அவருடைய மனைவியின் தாலி வந்தது. அந்த அம்மா கோயிலுக்குப் போன இடத்தில் போய்விட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். மிஸ் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இது குசினிப் பக்கத்துக் கல்லுக்குள்ள கிடந்தது. கதவுக்குக் கிட்ட. அவ வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கா. கதவைத் திறக்கப் பார்த்திருக்கா."

அவர் தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ கோயிலுக்குப் போய்விட்டா என்று நினைத்து, கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போனது தான்தான் என்றார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மிஸ்ஸைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் வாவியில் அவருடைய தோணி மட்டும் மிதந்தது. காற்று என்று சொன்னார்கள். அன்று காற்றே இல்லை. மிஸ் அந்தக் கிழமை முழுவதும் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

"கதவுக்குக் கிட்ட எண்டு ஏன் சொன்னீங்க? கேட்டாரா அவர்?"

"மெய்தானே புள்ள."

"மெய் எண்டா எல்லாத்தையும் கொட்டிப்போடுறதா?"

மிஸ் அரிதட்டின் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு என்மேல் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தர்சினி வீட்டுக் குவியலை அரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பூரணமக்கா கொட்டில் வாசலில் வந்து குந்தியிருப்பா. உள்ளே வர மாட்டா. "ஒண்டும் வரயில்லையே மிஸ்?" என்று பின்னேரம் கேட்பா. "இல்ல" என்றதும் முகம் மலரும். பிள்ளையின் அடையாளங்களை எங்களுக்கு நூறு தரம் சொல்லியிருந்தா. இடது காலில் வெள்ளிக் கொலுசு, அதில் ஒரு மணி இல்லை. பல்லி விழுங்கிவிட்டது என்று பிள்ளை சொல்லித் திரியுமாம்.

ஆறாம் நாள் காலை அரிதட்டில் அந்தக் கொலுசு வந்தது. கொலுசு தனியாக வரவில்லை.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மிஸ் அரிதட்டை ஆட்டுவதை நிறுத்தவில்லை. சத்தம் நின்றால் வெளியில் இருப்பவவுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மற்றக் கையால் தன் தோள்பையைக் காலி செய்தார். எல்லாமாகச் சேர்த்து ஒரு சின்னப் பிடவைத் துண்டுக்குள் அடங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, இவ்வளவுதானா?

வெளியே வந்தோம். அக்கா எழும்பி நின்றா. "ஒண்டும் வரயில்லையே மிஸ்?"

மிஸ் பீப்பாய்த் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி, "இல்ல" என்றார்.

மத்தியானமே என்னோடு மண்டூருக்குப் புறப்பட்டார். பொலிசுக்குச் சொல்லலாமே என்றேன். "பொலிசுக்குச் சொன்னா தாய்க்குச் சொன்ன மாதிரித்தான்." அப்படியென்றால் அந்த வீட்டு அத்திவாரத்துக்குள்ளேயே வைக்கலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவ ஒவ்வொரு நாளும் தெரியாம மிதிக்கிறதா? அலம்பாம வா."

வாவியைக் கடக்கும் துறையில் ஆமிக்காரச் சோதனை. தோள்பையைத் திறக்கச் சொன்னான் ஒரு சின்னப் பொடியன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன். பிடவையை விலக்கிப் பார்த்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். மிஸ் நல்ல சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: முருகைக் கல், கடலில் கிடக்கிற பவளப் பாறை. உப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கொண்டுபோகிறோம். அவன் ஒரு துண்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினான். அடுத்த கரையில் மற்றப் பக்கமான இயக்கத்தாரின் சோதனை. அங்கேயும் அதே கேள்வி, தமிழில். அங்கேயும் முருகைக் கல்தான். வாழ்நாளில் ஒரு கல்லுக்குக்கூடப் பெயரை மாற்றிச் சொல்லாத மனுசி.

எங்கள் வளவின் பின்புறம், வாவியைப் பார்த்தபடி ஒரு பூவரச மரம். அதற்கடியில் நான் தோண்டினேன், மிஸ் வைத்தார். மூடியபிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட அம்மாவிடம் மண் பரிசோதனை என்று நான் சொன்னேன். எனக்கும் பழகத் தொடங்கிவிட்டது.

"நீங்க செய்தது சரியா மிஸ்?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"தெரியா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கல்லை நக்கவில்லை. ஒரு பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிப்பித்தார். பெண்களுக்கு அது பெரிய ஏமாற்றம். "என்னகா, மிஸ்ஸுக்கு நாக்குச் செத்துப்போச்சா?" என்று கேலி பண்ணினார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வீடுகள் எழும்பின. நல்ல வீடுகள், சும்மா சொல்லக் கூடாது. பக்கத்துத் திட்டத்தில் தகர வீடுகளுக்குள் சனம் அவிந்துகொண்டிருக்க, மிஸ் கட்டிய வீட்டுக்குள் நடுப்பகலிலும் பாய் போட்டுப் படுக்கலாம். கொழும்பிலிருந்தும் வெளியிலிருந்தும் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். வாசலில் பச்சைப் பெயின்டில் 'பசுமைக் கிராமம்' என்று பலகை நட்டார்கள். ஒரு கல்லும் வீணாகவில்லை, எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, இப்படி ஒன்றை உலகத்தில் பார்த்ததில்லை என்று ஒரு வெள்ளைக்காரர் நான் எழுதிய கொப்பியைத் தூக்கிக் காட்டிப் பேசினார். பிறகு ஒரு வீட்டின் உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். எந்த வீட்டுக்குள் நுழைந்தார் தெரியுமா? தர்சினி வீட்டுக்குள். எல்லாரும் உள்ளே போனார்கள். மிஸ் தலைவலி என்று சொல்லி வெளியே வெயிலில் நின்றார். குடைகூட விரிக்கவில்லை.

ஒவ்வொரு மாரிக்கும் தான் கட்டிய வீடுகளுக்கெல்லாம் போவார். ஒழுகுதா, பீலி அடைத்திருக்கா, தாங்கிக்குள் தவளை விழுந்திருக்கா என்று பார்ப்பார். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்புவார். "மிஸ் ஏன் இஞ்சால வாறயில்ல?" என்று அக்கா கேட்பா. வேலை கூடிப்போச்சு என்பேன். "ஓம், பாவம்" என்பா. வேறு ஒன்றும் கேட்க மாட்டா.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து முகாம்களில் நிறைந்தது. பூரணமக்கா தர்சினியின் படத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு முகாமாகப் போனா. பிள்ளை வளர்ந்திருக்கும், முகம் மாறியிருக்கும் என்று தாவணி வயதுப் பிள்ளைகளை உற்று உற்றுப் பார்ப்பாவாம். போய்வந்த ஒவ்வொரு தடவையும் டவுனில் இருந்த எங்கள் கந்தோருக்கு வந்து மிஸ்ஸிடம் சொல்லுவா: "இந்த முகாமிலயும் இல்ல மிஸ்." மிஸ் எழும்பித் தானே தண்ணீர் வார்த்துக் கொடுப்பார். அக்கா குடித்து முடிக்கும்வரை செம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கா போனதும் அன்று அவரால் ஒரு கோடு நேராகக் கீற முடியாது. சொல்லிவிடுங்கள் என்று நானும், சொல்லத்தான் வேண்டும் என்று அவரும், எத்தனை தரம்! அந்த மீன்பிடிக்காரரின் தோணி ஒவ்வொரு தரமும் குறுக்கே வந்து நின்றது.

யுத்தம் முடிந்தது. வவுனியா முகாம்களுக்கும் அக்கா போனா, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அடுத்த வருடம் ஒருநாள் மேசன் ஒருவர் வந்து சொன்னார்: "பூரணத்தின்ட மகள் கிடைச்சிட்டாளாம் மிஸ். கோர்ட்டுக் கடிதத்தோட கூட்டி வந்திருக்கா. பெரிய புள்ளயாம். அறை ஒண்டு கூட்டிக் கட்டணுமாம், உங்கட பிளான் வேணுமாம்."

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். மேசன் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஆருட புள்ளயோ. அந்தப் பிள்ளையைப் பெத்தவள் எங்கயாவது இருந்து தேடிக்கொண்டிருந்தா? நான் சொல்லாத ஒரு சொல்லால ரெண்டு தாய்மார் தவிக்காங்க. வா, இண்டைக்குச் சொல்லிப்போடுவம்."

ஓட்டோவில் போகும்போது சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கும் கேட்டது. பூரணம், என்னை மன்னிச்சிரு. பிள்ளை உன்ட வீட்டுக் கல்லுக்குள்ளதான் இருந்தது. இப்ப மண்டூரில இருக்கு. நல்ல இடம். பூவரச மரத்துக்குக் கீழ.

கதவைத் திறந்தது அந்தப் பிள்ளைதான். பதினாலு, பதினைந்து வயது. கழுத்தில் ஒரு காயத் தழும்பு. அம்மா கடைக்குப் போயிருக்கிறா, இப்ப வந்திருவா என்று சொல்லி, எங்களைப் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியது. அறையின் வடக்கு மூலையில் நிலத்தில் ஒரு சின்ன விளக்கு, இரண்டு நித்தியகல்யாணிப் பூ.

"மேசன் இந்த மூலையில தூண் போடணும், கிண்டணும் எண்டார் மிஸ். அம்மா வேணாமெண்டுட்டா. வேற மாதிரிக் கீறித் தர ஏலுமா எண்டு கேக்கச் சொன்னா."

"ஏன் வேணாமாம்?" என்றேன் நான்.

"இதுக்குள்ள அக்கா படுத்திருக்கா எண்டு அம்மா சொன்னா. நான் ரெண்டாவது மகளாம்."

மிஸ் விளக்குக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பூரணமக்கா வந்தபோதும் அவர் எழும்பவில்லை. அக்கா பையை வைத்துவிட்டுக் கிட்ட வந்து குந்தினா. பிள்ளையைத் தேத்தண்ணி ஊத்த அனுப்பினா.

"எப்ப தெரியும் பூரணம்?"

"அண்டைக்கே தெரியும் மிஸ். ஊரில எல்லாருட கல்லுக்கும் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்ன நீங்க, என்னைப் பாராமக் கையைக் கழுவினீங்க. மறுகா இந்த வீட்டு அத்திவாரம் போடக்குள்ள நீங்களே குழிக்குள்ள இறங்கி இந்த மூலையில குனிஞ்சு கனநேரம் நிண்டீங்க. வேற ஒரு வீட்டுக்கும் நீங்க இறங்கயில்ல. அப்ப விளங்கிற்று. என்ட புள்ளையை அவள்ட வீட்டிலயே வச்சிட்டீங்க எண்டு."

அந்தக் குழிக்குள் மிஸ் ஏன் இறங்கினார் என்று எனக்குத் தெரியும். மேசன் கல்லைக் கோணலாக வைத்திருந்தான், அதை நேராக்கத்தான்.

"பிறகு ஏன்கா முகாம் முகாமாத் தேடினீங்க?" என்றேன்.

"தெரிஞ்சாப்போல கால் நிக்குமா தங்கச்சி? தெரியும், தேடினன். தேடின இடத்தில இவள் இருந்தாள். இவளுக்கும் ஒருத்தரும் மிச்சமில்ல. எல்லாம் விசாரிச்சுத்தான் தந்தாங்க." மிஸ்ஸின் கையைப் பிடித்தா. "ஒண்டு மட்டும் சொல்லுங்க மிஸ். நான் குத்துமதிப்பாத்தான் விளக்கு வைக்கிறன். இந்த மூலைதானே?"

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பூரணமக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஓம் பூரணம். இந்த மூலைதான்."

பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து, நிலத்தில் பிளானை விரித்துவைத்து, தூணை இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டார். அதற்காகச் சுவரை மடக்க வேண்டி வந்தது. அப்படியே கட்டினார்கள். அந்த அறைக்கு ஐந்து மூலை. கட்டில் போட்டால் ஒரு பக்கம் இடிக்கும். புதிதாக வருகிற மேசன்மார் எல்லாரும் எந்த மடையன் கீறின பிளான் இது என்று கேட்கிறார்களாம்.

திரும்பி வரும்போது மிஸ் ஓட்டோவில், கல்லடிப் பாலத்தில் வைத்து, "நான் போனாப் பிறகு நீ சொல்லு புள்ள. மெய் ஒருத்தருக்காவது தெரியணும்" என்றார். சரி என்றேன். இரண்டு வருடத்தில் போய்விட்டார், நாக்கில் புற்றுநோய் என்றார்கள். கல்லை நக்கினதால்தான் என்று அந்தப் பெண்கள் அழுதார்கள். அப்படி ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு நான் பூரணமக்கா வீட்டுக்குப் போனேன். மண்டூருக்குக் கூட்டிக்கொண்டு போய் மரத்தடியைக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். சின்னவள் ஐந்து மூலை அறைக்குள் இருந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் மிஸ்ஸை நினைத்து ஒருபாடு அழுதா. கண்ணைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"நீ அவவோட கூடவே நிண்டனீ. ஒளிக்காமச் சொல்லு தங்கச்சி. இந்த மூலை எண்டு மிஸ் சொன்னது மெய்தானே? எனக்காகச் சொல்லயில்லையே?"

"மெய்தான்கா" என்றேன். "மிஸ் வைக்கக்குள்ள துணியை நான்தான் விரிச்சுப் பிடிச்சன்."